கத்தி வழக்கு: வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை

(நமது அறக்கட்டளை அரங்கில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுகிற மேடையில் இன்று அரிவாளையும் கத்தியையும் பற்றிப் பேசுகிறேன். காரணம் இருக்கிறது. கல்லூரிக் கட்டணத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வரும் அதே மேசைக்குத்தான், "எம் புள்ளையப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்று அழுதபடி தாய்மார்களும் வருகிறார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் நாலைந்து நாள் ஓடிவிடுகிறது. அதற்குள் யாரோ ஒருவர் பணம் வாங்கியிருப்பார், யாரோ வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்.

குர்பானிக் கத்தி வைத்திருப்பது குற்றமா என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள். குற்றமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை ஆயுதம் என்ற சொல்லிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூர்மையான ஆயுதங்களைப் பட்டியலில் சேர்க்கும்போது, வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கு அளிக்கின்றன. கறிக்கடைக்காரர் கத்தி வைத்திருப்பது அவர் தொழில். ஆனால் அதே கத்தியை இரவு பதினொரு மணிக்கு இடுப்பில் செருகிக்கொண்டு தெருமுனையில் நின்றால், தொழில் என்ற பேச்சு எடுபடாது. கடைக்கோ அறுப்புக்கோ எடுத்துச் செல்பவர்கள் சாக்கில் சுற்றி, பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். எங்கே, எதற்கு என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள்.

தண்டனைக்கு வருவோம். உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதம் தனி. துப்பாக்கி அல்லாத ஆயுதம் என்றால், 4-ஆம் பிரிவை மீறியதாக, குறைந்தது 1 ஆண்டு முதல் 3 ஆண்டு வரை. ஆயுதத்தைப் பயன்படுத்தினால் 27-ஆம் பிரிவின்படி 3 முதல் 7 ஆண்டு. இதோடு காயம், மிரட்டல் என்று பாரதிய நியாய சம்ஹிதாவின் பிரிவுகளும் சேர்ந்து வரும்.

இங்கே ஒரு நுணுக்கம். 4-ஆம் பிரிவு எல்லா ஊருக்கும் தானாகப் பொருந்துவதில்லை. மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கை வெளியிட்ட பகுதிக்கும், அதில் சொன்ன ஆயுத வகைக்கும்தான் பொருந்தும். அறிவிக்கை உண்டா, கத்தியை அளந்தார்களா என்று நல்ல வழக்கறிஞர் முதலில் பார்ப்பார். துப்பாக்கி வழக்கு என்றால் 39-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சித் தலைவரின் முன் அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பார். வைத்திருந்தது தெரிந்தே வைத்திருந்ததா என்பதும் பெரிய கேள்வி. 1972-லேயே உச்ச நீதிமன்றம் குன்வந்த்லால் வழக்கில் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டியின் அடியில் பழைய தோட்டா ஒன்று கிடைத்து, அது இருப்பதே தெரியாது என்று காட்டிய பலர் மீதான வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன.

"ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிஞ்சிடும்" என்று நீதிமன்ற வாசலில் ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. சில்லறை வழக்குகளில் அப்படி நடக்கலாம். ஆயுதச் சட்டத்தில் குறைந்தபட்சச் சிறை என்றே எழுதியிருக்கிறார்கள். சிறப்புக் காரணம் பதிவு செய்தால்தான் நீதிபதி அதற்குக் கீழே இறங்க முடியும். அபராதத்தோடு போனாலும் அது தண்டனைதான். வழக்கு நிலுவையில் இருந்தாலே, வெளிநாடு போக நீதிமன்ற அனுமதி இல்லாமல் பாஸ்போர்ட் கிடைப்பது கடினம். சவூதிக்கும் துபாய்க்கும் போய்ச் சம்பாதிக்கிற ஊர் நம்முடையது. காவல்துறைச் சான்றிதழ் இல்லாமல் விசா நிற்கும்போதுதான் அந்த ஒரு நாள் "ஒத்துக்கிட்டேன்" எவ்வளவு விலை என்று தெரியும்.

பிடித்துப் போன அன்று என்ன செய்வது? கைது செய்யப்பட்டதற்கான காரணத்தைக் கேளுங்கள். அரசியல் சாசனத்தின் 22-ஆம் உறுப்பு அதைத் தெரிந்துகொள்ளவும், விருப்பமான வழக்கறிஞரைக் கலந்து பேசவும் உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்க வேண்டியதில்லை, நோட்டீஸ் கொடுத்து வரவழைக்கலாம் என்பதை 2014-ல் அர்ணேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. வீட்டைச் சோதனை போட்டால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி அதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். எடுத்த பொருள்களின் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள், பெண்கள் உட்பட.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அதன் மூலம் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஆகவே கத்தி வழக்கின் உயிர்நாடி, கத்தி எங்கிருந்து எடுக்கப்பட்டது, யார் சாட்சி என்பதில் இருக்கிறது. யாரும் வந்து போகிற புதர் அருகில் கிடைத்தது என்றால் கேள்வி எழும். பிள்ளைக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால், பள்ளியில் உள்ள பிறந்த தேதிச் சான்றை உடனே கையில் எடுங்கள். அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, சிறார் நீதி வாரியம்தான் விசாரிக்க வேண்டும்.

இந்த வகை வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் உரிமை பிறக்கும். அது தானாக வராது, மனு போட வேண்டும். குற்றப்பத்திரிகை வந்த பிறகு போட்டால் உரிமை போய்விடும். நாள் எண்ணிக்கொண்டு இருங்கள்.

"தப்பு செஞ்சவனுக்கு ஏன் வக்கீல்?" என்று பெரியவர் ஒருவர் இந்த அரங்கிலேயே கேட்டார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. கத்தியால் ஒருவனைக் கிழித்தவனுக்காக நம் அறக்கட்டளை பணம் செலவிட வேண்டுமா என்பதை நிர்வாகக் குழு பேசி முடிவு செய்யட்டும். ஆனால் வழக்கறிஞர் வேண்டும் என்பது குற்றவாளிக்கும் நிரபராதிக்கும் ஒன்றுதான். விசாரணைக்கு முன்னால் யார் எவர் என்று எப்படிப் பிரிப்பது? 1979-ல் உச்ச நீதிமன்றம் ஹுஸைனாரா காத்தூன் வழக்கை விசாரித்தபோது, பீகார் சிறைகளில் விசாரணையே முடியாமல், தண்டனைக் காலத்தை விட அதிகமாகச் சிறையில் கிடந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை. இலவச சட்ட உதவி அடிப்படை உரிமை என்று சொன்ன தீர்ப்பு அது.

அந்த உரிமை இன்று கையருகில் இருக்கிறது. காவலில் இருப்பவர்கள் யாராயினும், பெண்கள், சிறார்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987 சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். இடைத்தரகர் கேட்கிற தொகையைக் கொடுத்து ஏமாறுவதை விட அது எவ்வளவோ மேல்.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று. 2018-ல் சென்னைக்கு அருகே பட்டாக்கத்தியால் கேக் வெட்டிய கூட்டத்தைப் போலீஸ் வளைத்துப் பிடித்தது நாடெங்கும் செய்தியானது. அன்றிலிருந்து பிறந்தநாள் வீடியோ, ரீல்ஸ் எல்லாம் வழக்குக்குள் வருகின்றன. உங்களுக்கு எதிரான சாட்சியை உங்கள் கைப்பேசியே தயாரித்துக் கொடுக்கிறது. வழக்குகள் அடுக்கிக்கொண்டே போனால் 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டம் இருக்கிறது. ஒரு வருடம் வரை ஜாமீனே கிடையாது. அதை உடைக்க உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

முதல் தகவல் அறிக்கையின் நகல், ரிமாண்ட் தேதி, பிள்ளையின் வயதுச் சான்று, இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு முதல் நாளே அலுவலகத்துக்கு வாருங்கள். ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டிய மனுவை அங்கேயே உட்கார்ந்து எழுதித் தருகிறோம். அதற்குக் கட்டணம் கிடையாது.