நிறுவனங்களிடம் நாம் எதைக் கேட்பது?
(பொன்விழா நாளில் கல்விப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)





ஐம்பது ஆண்டுப் பெருமையைப் பேச இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். கல்விப் பிரிவினராகிய நாங்கள் எங்கள் தோல்வி ஒன்றைப் பேச அனுமதி கேட்டோம். தலைவர் சற்று யோசித்துவிட்டு, "சரி, பேசுங்கள்" என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஆதரவுடன் இதே மண்டபத்தில் இளைஞர்களுக்குத் தொழில்முனைவோர் பயிலரங்கு நடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் டீ-சட்டையும் பையும், மதியம் பிரியாணி, மாலையில் சான்றிதழ். பெரிய அட்டையில் எழுதிய காசோலையைப் பிடித்துக்கொண்டு நாங்களும் படத்துக்கு நின்றோம். பேசியவர்கள் பெரிதாகக் கனவு காணச் சொன்னார்கள். கடை வைக்க மாவட்ட மன்ற உரிமம் வேண்டும், உணவு கையாள்வோர் பயிற்சி வேண்டும், டைபாய்டு ஊசி போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அன்று வந்த பிள்ளைகளில் ஒருவர் உண்மையாகவே உணவுக்கடை போட்டார். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. கைப்பக்குவம் நல்ல கைப்பக்குவம், கூட்டமும் வந்தது. நான்காம் மாதம் கடையை மூடினார். பக்கத்துக் கடை விலையைப் பார்த்துத் தன் விலையை வைத்திருந்தார். எரிவாயுச் செலவும் தன் உழைப்புக்கான கூலியும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. போதாததற்குக் கடன். சாப்பிட்டுவிட்டு "அடுத்த வாரம் தருகிறேன், தம்பி" என்று சொல்லிப் போனவர்களில் இந்தச் சங்கத்தாரும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

நம் பாட்டன்மார் எந்தப் பயிலரங்குக்கும் போனதில்லை. கடையே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். ஊரிலிருந்து மாமாவோ சாச்சாவோ அழைத்து வந்த பையன் முதலில் கடையைக் கூட்டினான், மூட்டை தூக்கினான், சரக்கு நிறுத்தான். பல காலம் கழித்தே கல்லாவில் உட்கார்ந்தான். எந்தத் தோட்டத்தில் எந்தத் தேதியில் சம்பளம், யாருக்கு எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் அதற்குள் அவனுக்கு மனப்பாடம். கடன் விவரம் 555 நோட்டில் ஏறியது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், பகரா அத்தியாயத்தின் 282-ஆவது, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. வியாபாரிகளுக்கு இதை நினைவூட்டத் தேவையில்லை. அந்தக் காலத்தில் பையனுக்குக் கூலி குறைவு, திட்டு அதிகம். அதை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று கற்றானே, அது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டும்.

நம் கோப்பெங்கிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. 1879-இல் இங்கே ஈயச்சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரு சீனர் தொடங்கிய மூலிகை மருந்துக்கடைதான் இன்று பல நாடுகளில் கிளை விரித்திருக்கும் யூ யான் சாங். ஒரு சிற்றூர்க் கடை எவ்வளவு தூரம் போகும் என்று பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு வெளியூர் போக வேண்டாம். ஆனால் 1985-இல் ஈய விலை சரிந்தபின் கிந்தா வட்டாரம் சோர்ந்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தபோது வண்டிகள் ஊருக்குள் நுழையாமலே போயின. பிள்ளைகளும் அதே சாலையில் கோலாலம்பூருக்குப் போனார்கள். கடையைக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தும், கற்றுக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று.

இந்தியாவில் 1992-இல் லட்சுமி வெங்கடேசன் என்ற அம்மையார் பாரதிய யுவ சக்தி அறக்கட்டளையைத் தொடங்கினார். இங்கிலாந்தில் இளவரசர் சார்லஸ் 1976-இல் அமைத்த அறக்கட்டளைதான் அதற்கு முன்மாதிரி. ஜே.ஆர்.டி. டாட்டா, ராகுல் பஜாஜ் போன்ற தொழிலதிபர்கள் தொடக்கத்திலேயே துணை நின்றார்கள். சென்னையிலும் அது வேலை செய்தது. வசதியற்ற இளைஞருக்கு அடமானமில்லாமல் கடன் கிடைக்க வழி செய்வது அதன் ஒரு பாதி. மறு பாதிதான் எங்களைக் கவர்ந்தது. ஒவ்வோர் இளைஞருக்கும் அனுபவமுள்ள ஒருவரை வழிகாட்டியாக அமர்த்துகிறார்கள். அவர் தொடர்ந்து சந்தித்துக் கணக்கைப் பார்ப்பார், விலையைக் கேட்பார், வேண்டிய இடத்தில் கண்டிப்பார். நம் முதலாளிமார் செய்த வேலைதான்; திட்டு மட்டும் குறைவு.

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நம் நாட்டில் அப்படிக் கட்டாயமில்லை. பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள் என்ன செய்தன என்று ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும், அவ்வளவே. ஆகவே இங்கே கேட்பவருக்குத்தான் கிடைக்கும். எதைக் கேட்கிறோம் என்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

பொன்விழாவை ஒட்டி ஈப்போ நிறுவனம் ஒன்று மீண்டும் பயிலரங்குக்கு உதவ முன்வந்தது. இம்முறை நாங்கள் எழுதிய கடிதம் வேறு. ஹோட்டல் மண்டபமும் டீ-சட்டையும் வேண்டாம் என்றோம். உங்கள் கணக்காளர் ஒருவரையும் கொள்முதல் அதிகாரி ஒருவரையும் ஆறு மாதத்துக்கு, மாதம் ஒரு சனிக்கிழமை எங்களிடம் அனுப்புங்கள் என்றோம். அவர்கள் முன்னால் பிள்ளைகள் சரக்கு வாங்கி, விலை வைத்து, ரமலான் சந்தையில் கடை போட வேண்டும். நட்டம் வந்தால் அதையும் எழுதிக் காட்ட வேண்டும். முதலுக்கு வட்டிக் கடன் வேண்டாம் என்பதால் நம் சங்க நிதியிலிருந்து சிறு தொகை. திரும்பி வந்தால் அடுத்தவருக்கு. இன்னும் பதில் வரவில்லை. படம் இல்லாத உதவி அவர்களுக்குச் சற்றுப் புதிதாக இருக்கலாம்.

அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை. நம் கடைக்காரர்களில் நான்கு பேர், மளிகை, துணி, நாணய மாற்று, சாப்பாட்டுக்கடை, தங்கள் கணக்குப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டச் சம்மதித்திருக்கிறார்கள். வியாபாரி கணக்கைக் காட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். ஒருவர் மட்டும் நிபந்தனை போட்டார்: அரசாங்கம் 2024 முதல் படிப்படியாகக் கொண்டுவரும் இ-இன்வாய்ஸை அந்தப் பிள்ளைகள் தமக்குச் சொல்லித்தர வேண்டுமாம். ஒப்புக்கொண்டோம்.

கடையை மூடிய அந்தத் தம்பியையும் கேட்டோம். முதல் சனிக்கிழமை தன் பழைய கணக்கைக் கொண்டுவந்து, எங்கே தவறியது என்று தானே சொல்லப் போகிறார். அவருக்குத் தர வேண்டிய பாக்கி உள்ளவர்கள் அதற்கு முன் அவரைப் பார்த்துவிடுங்கள்.

பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் அஸர் தொழுகைக்குப் பின் செயலாளரைச் சந்திக்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. தாய்மார்கள் தயங்க வேண்டாம்.