விதையும் நிலமும்
மட்டக்களப்பில் வேளாண் மக்களும் உத்தியோகத்தரும் கூடிய அவையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை



புற்றுநோயைப் பற்றிப் பேச வந்த நான் வயலில் இருந்து தொடங்குகின்றேன். படுவான்கரை வேளாளருக்கு இது புதிதன்று: ஒரே சாக்கிலிருந்து எடுத்த விதைநெல், நல்ல வட்டையில் ஒருவாறும், வாவியின் உவர் ஏறிய பள்ளத்தில் வேறொருவாறும் விளைகின்றது. விதை ஒன்று, நிலம் வேறு. 1889ஆம் ஆண்டில் ஸ்ரீபன் பஜெற் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் இதே உவமையால் புற்றுநோயை விளக்கினார். நோய்க் கலங்கள் எங்கும் சிதறினும், தமக்கேற்ற உறுப்பிலேதான் வேரூன்றுகின்றன என்பது அவர் முடிவு.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்திருப்பது முன்னிற்கும் சுரப்பி. 'புரோஸ்டேற்' என்பதும் அதுவே. சுரக்கும் கலங்களைச் சுற்றித் தசைக் கலங்கள், நார்க் கலங்கள், இரத்தக் குழாய்கள் ஆகியவை அமைந்த தாங்கும் இழையம் உண்டு. பயிருக்கு வரம்பும் வாய்க்காலும் எப்படியோ, அப்படி. கருவிலே இச்சுரப்பி உருவாவதும் சூழ்ந்துள்ள இழையத்தின் ஏவலினாலேயே.

புற்று முளைக்கும்போது இந்த அயலும் மாறுகின்றது. தசைக் கலங்கள் குறைகின்றன. நார்க் கலங்கள், புண் ஆறும் வேளையிற் போலக் கிளர்ந்தெழுந்து, வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. புதிய இரத்தக் குழாய்கள் தோன்ற உதவுகின்றன. புண் ஆறியதும் ஓயவேண்டிய வேலை இங்கு ஓய்வதில்லை. அதனாற்றான் ஹரல்ட் டுவோராக் என்னும் அறிஞர் 1986இல் புற்றுக் கட்டியை ஆறாத புண்ணுக்கு ஒப்பிட்டார்.

இது வெறும் ஊகமா? அன்று. 1999இல் ஒலூமி, கூனா முதலிய கலிபோர்னிய ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாற்றத்தின் முதற்படியில் நின்ற, ஆயினும் தாமாகக் கட்டியாகாத மனிதச் சுரப்பிக் கலங்களை எடுத்தனர். நலமான நார்க் கலங்களோடு சேர்த்து எலியில் வைத்தபோது அவை அடங்கியே இருந்தன. புற்றிலிருந்து எடுத்த நார்க் கலங்களோடு சேர்த்தபோதோ, கட்டியாகப் பெருகின! முற்றிலும் நலமான சுரப்பிக் கலங்களை மட்டும் அந்தக் கெட்ட அயலாலும் புற்றாக்க முடியவில்லை. எனவே விதைக்கும் பங்குண்டு, நிலத்துக்கும் பங்குண்டு.

அப்படியானால் அயலை அடியோடு அழித்துவிடலாமே என்பீர்கள். கணையப் புற்றுள்ள எலிகளில் அவ்வாறு செய்து பார்த்தனர். 2014இல் வெளியான முடிவின்படி நோய் கடுமையாயிற்று. தாங்கும் இழையம் புற்றைத் தூண்டுவதோடு தடுப்பதும் உண்டு. வரம்பை வெட்டியெறிந்தா களையை அழிப்பது? ஆதலால், நிலத்தைத் திருத்தும் மருந்து என்று எவராவது போத்தலில் அடைத்து விற்றால் நம்பாதீர்கள். அறுவை, கதிர்ச் சிகிச்சை, 1941இல் ஹகின்ஸ் என்பார் வழிகாட்டிய ஆண் ஓமோன் தடுப்பு ஆகியவையே இன்றும் முதன்மையான மருத்துவம்.

அன்பர்களே! இந்நோய் பரவும்போது பெரும்பாலும் எலும்பையே நாடுகின்றது. அதனால் வரும் முதுகுவலியை வயல்வேலையின் அலுப்பென்றும், கதிரையில் இருந்த களைப்பென்றும் எண்ணி நாளைக் கடத்துவோர் உளர். சிறுநீர் தடைப்படுவதையும், இரவில் பலமுறை எழுவதையும், சிறுநீரில் இரத்தம் காண்பதையும் மனைவியிடமும் சொல்ல நாணுவோர் உளர். இவையெல்லாம் புற்று என்பதில்லை. முதுமையில் சுரப்பி வெறுமனே பருப்பதும் உண்டு. அதைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை. போய்க் காட்டுவது உங்கள் வேலை. தொடக்கத்தில் எந்தக் குறியும் இல்லாமலும் இந்நோய் இருக்கும். ஆகவே ஐம்பதைக் கடந்தோரும், தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் வந்த குடும்பத்தாரும், பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிவது நன்று.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. வாவியைக் கடப்பது இப்போது எளிது. நாணத்தைக் கடப்பதே அரிது. வரம்பில் நீர் கசியும்போதே மண்வெட்டியோடு ஓடுகின்ற நாம், நம் உடலிற் கசிவு கண்டால் மட்டும் காத்திருக்கலாமா?