பொதுநீர் யாருக்குப் பொது?

(மாணவர் – இளைஞர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே,

என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்குக் கவிதை கிடையாது. வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து விதிகளோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் ஒரு விதிப்பலகையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நகரத்தில் எந்த ஏரியில் படகு விட்டாலும் கரையில் ஒரு பலகை நிற்கும். படகில் இத்தனை பேர்தான். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். எழுந்து நிற்கக் கூடாது. குடித்துவிட்டு ஏறக் கூடாது. குளிக்காதே, துணி துவைக்காதே, மீன் பிடிக்காதே. கட்டணம் இவ்வளவு. நேரம் இதுவரை. "இதில் சாதி எங்கப்பா இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பலகையில் சாதி இல்லை. ஆனால் அந்தப் பலகையில் இரண்டு வகை விதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, தண்ணீரில் இறங்குகிற உடம்பைக் காப்பாற்றுகிற விதி. இன்னொன்று, எந்த உடம்பு தண்ணீருக்குப் பக்கத்தில் வரலாம் என்று தீர்மானிக்கிற விதி. இரண்டாவது எப்போதும் முதலாவதின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம்.

முதல் வகை விதியை நாம் எதிர்க்கவில்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போன 22 பேர் செத்துப்போனார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. படகில் ஆள் அதிகம், லைஃப் ஜாக்கெட் கிடையாது. ஆகவே 'விதியே அதிகாரம், விதியே ஒடுக்குமுறை' என்று மொத்தமாகப் பேசிவிட்டுப் போவது நமக்கு ஆகாது. உயிரைக் காக்கிற விதி எழுதப்பட வேண்டும், அமலாக வேண்டும். நம்முடைய சண்டை இரண்டாவதோடு.

அந்த இரண்டாவது விதிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. உள்ளாட்சித் தீர்மானம் என்கிற காகிதத்தோடு சேர்ந்த வரலாறு.

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே.போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டிய, பொதுப் பணத்தில் பராமரிக்கிற நீர்நிலை, கிணறு, சத்திரம் எல்லாம் தீண்டப்படாதவர்களுக்கும் திறக்கப்பட வேண்டும் என்பது அது. 1924 ஜனவரியில் மகாத் நகராட்சி, தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தானும் தீர்மானம் போட்டது. அதே 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் நம் இரட்டைமலை சீனிவாசன் எழுந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுத் தெருவில் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், பொது இடம் எதையும் அணுகலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார், நிறைவேற்றவும் வைத்தார். 1925ல் அது அரசிதழில் வெளியாயிற்று. நம் பிள்ளைகளில் பலருக்கு மகாத் தெரியும், இது தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, காகிதம் வந்தது. தண்ணீர் வந்ததா? மகாத்தில் தீர்மானம் போட்டு மூன்று வருஷம் ஆகியும் ஒருத்தரும் குளத்தில் கை வைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். அதற்குப் பிறகு அடி, உதை, ரத்தம். பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். பானை பானையாகத் தண்ணீரை மொண்டு ஊற்றி, பஞ்சகவ்யம் கலந்து, மந்திரம் சொல்லி 'சுத்தம்' செய்தார்கள். இந்த 'சுத்தம்' என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அதைவிட முக்கியமானது 1927 ஆகஸ்ட் 4. அன்றைக்கு மகாத் நகராட்சி தன்னுடைய 1924 தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. ஒரு கூட்டத்தில் கை தூக்கிக் கொடுத்த உரிமையை இன்னொரு கூட்டத்தில் கை தூக்கிப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்து சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்: குளம் எங்களுடையது, தீண்டப்படாதவர்கள் தொடாமல் இருப்பது நினைவுக்கு எட்டாத காலத்து வழக்கம் என்று. கீழ்க்கோர்ட், மேல்கோர்ட் என்று இழுத்து, 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி புரூம்ஃபீல்டு தீர்ப்பு எழுதினார். குளம் நகராட்சியுடையது, தொன்றுதொட்ட வழக்கம் என்று சொன்னதை வாதிகளால் நிரூபிக்க முடியவில்லை. தள்ளுபடி. ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருஷம், அதில் மூன்று நாள் குறைவு.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, 'வழக்கம்' என்று சொல்கிறவனிடம் 'காட்டு' என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அவனால் காட்ட முடியாது. இரண்டு, தீர்மானத்தால் வந்த உரிமை தீர்மானத்தால் போகும். அதனால்தான் அரசியல் சட்டத்தில் கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே 15(2) எழுதப்பட்டது. அடுத்து 17 தீண்டாமையை ஒழித்தது. 1955ல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் – இப்போது அதன் பெயர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் – ஆறு, ஓடை, ஊற்று, குளம், படித்துறை என்று வரிசையாகச் சொல்கிறது. 'இடம்' என்றால் என்ன என்று விளக்கும்போது அந்தச் சட்டம் வீடு, கட்டிடம், கூடாரம் என்பதோடு நீரில் செல்லும் கலத்தையும் சேர்க்கிறது. கலம் என்றால் படகு, தோணி, ஓடம் எல்லாமே. ஆக, தோழர்களே, படகும் நமக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட இடம்தான். 2016ல் அமலுக்கு வந்த வன்கொடுமைச் சட்டத் திருத்தமும் நீர்நிலையையும் பொது வாகனத்தையும் மறிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது.

இப்போது சென்னைக்கு வருவோம். நேரடியாகச் சாதி சொல்லி மறித்தால் சட்டம் இருக்கிறது. சாதி சொல்லாமல் மறித்தால் என்ன செய்வது? அதற்குப் பக்கிங்காம் கால்வாயைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

1806ல் பேசில் காக்ரேன் என்கிற வெள்ளைக்கார வியாபாரி எண்ணூருக்கும் சென்னைக்கும் நடுவில் வெட்டிய உப்புநீர்க் கால்வாய் அது. 1837ல் கம்பெனி அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1877-78ல், தாது வருஷப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற எட்டுக் கிலோமீட்டர் துண்டை வெட்டினார்கள். யார் வெட்டினது? பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்கள். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாண நிவாரண வேலைக்கு நிர்ணயித்த கூலி என்ன தெரியுமா? ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணா காசு. அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம் தின்றுவிட்டு மண் வெட்டினால் ஒரு உடம்பு எத்தனை நாள் தாங்கும்? பஞ்சத்தில் முதலில் நிலமில்லாத கூலிகள்தான் விழுந்தார்கள். நிலமில்லாத கூலி யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கால்வாய்க்குப் பெயர் மட்டும் பக்கிங்காம் பிரபு, அன்றைய கவர்னர்.

வெட்டினவன் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் 1890ல் சட்டம் வந்தது: கால்வாய்களையும் பொது ஓடத்துறைகளையும் பற்றிய சட்டம். படகுக்குப் பதிவு, உரிமம், சுங்கம், ஓடத்துறை ஏலம். உப்பு, விறகு, நெல், கிளிஞ்சல் என்று ஏற்றிக்கொண்டு படகுகள் போயின. பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர். பேங்குக்காரன் கண்ணோடு பார்க்கிறேன்: இந்தக் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம் சுங்கம் இருக்கிறது, செலவுப் பக்கம் பிணம் இல்லை.

ரயிலும் சாலையும் வந்தன, 1965, 1966 புயல்கள் அடித்தன, கால்வாய் படகுக்கு உதவாமல் போயிற்று. படகு போனதும் ஊர் சாக்கடையைத் திறந்துவிட்டது. மேட்டுத் தெருவின் மலம் எல்லாம் அங்கே. யாரும் வேண்டாம் என்று விட்ட அந்தக் கரையில்தான் நம் சனங்கள் குடிசை போட்டார்கள். கிராமத்தில் சேரி எங்கே இருந்ததோ, நகரத்திலும் அங்கேதான் இருந்தது: கழிவு இறங்குகிற பக்கம். மற்ற ஏழைகளும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. இன்றைக்கும் அந்தத் தண்ணீருக்குள் கழுத்தளவு இறங்கித் தூர் அள்ளுகிறவன் யார் என்று போய்ப் பாருங்கள். அவனுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்று எழுதின பலகை எங்கேயாவது இருக்கிறதா?

அடுத்து வந்த சொல் 'ஆக்கிரமிப்பு'. நீர்வழியை மறிக்கிறான் குடிசைக்காரன் என்றார்கள். அதே கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்குத் தூண் தூணாக இறக்கினது யார்? 1995ல் சேப்பாக்கம் வரை ரயில் விட்டார்கள், 1997ல் மயிலாப்பூர் வரை. நீர்வழிக்கு நடுவில் சிமெண்டுத் தூண் நின்றால் வளர்ச்சி, கரையில் ஓலைக் கூரை நின்றால் ஆக்கிரமிப்பு. ஒரே தண்ணீர், இரண்டு சொல்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரமே ஏரியாயிற்று. மீனவத் தோழர்கள் கடலிலிருந்து படகைத் தூக்கிவந்து தெருவில் விட்டு மாடி மாடியாக ஆட்களை இறக்கினார்கள். டிக்கெட் இல்லை, நேரம் இல்லை, யார் என்ன சாதி என்ற கேள்வியும் இல்லை. அதுதான் பொதுநீரில் ஓடின பொதுப் படகு. வெள்ளம் வடிந்தபிறகு பழி யார் தலையில் விழுந்தது? அடையாறு, கூவம் கரைக் குடிசைகளில். பெரும்பாக்கத்துக்கு லாரியில் ஏற்றினார்கள். கண்ணகி நகருக்கு 2000த்திலிருந்தே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை நகரத்துக்குள்ளே, வீடு நகரத்துக்கு வெளியே. பிள்ளைக்குப் பள்ளி நடுவருஷத்தில் அறுந்தது. வீட்டுவேலைக்குப் போகிற அம்மாவுக்கு பஸ்ஸிலேயே பாதி நாள். இதற்கெல்லாம் வைத்த பெயர் சீரமைப்பு, தூய்மை. மகாத் குளத்தில் பானை வைத்துச் செய்த 'சுத்தம்' ஞாபகம் வருகிறதா?

அதே 2016ல் சேத்துப்பட்டு ஏரியில் மீன்வளத் துறை பசுமைப் பூங்கா திறந்தது. படகு விட்டார்கள், நடைபாதை போட்டார்கள். ஏரி குப்பைமேடாகாமல் தப்பியது நல்லதுதான். என் கேள்வி வேறு. உள்ளே போகக் கட்டணம், படகுக்குத் தனிக் கட்டணம். அஞ்சு பேர் உள்ள குடும்பத்தில் ஒரு நாள் கூலி அதற்கே போய்விடுமானால், அந்தக் குடும்பத்துக்கு அந்த ஏரி பொதுவா? வேலி கட்டினவன் சாதி கேட்பதில்லை, பணம் கேட்கிறான். பணம் யாரிடம் இல்லை என்பதைச் சாதி ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறது.

ஒரு தோழர் கேட்கலாம்: "ஆத்தங்கரையில வெள்ளத்துல சாகட்டும்னு விடச் சொல்றீங்களா?" இல்லை. வெள்ளப்பகுதியில் யாரும் வாழக் கூடாது என்பது முதல் வகை விதி, உயிரைக் காக்கிற விதி. அதை மதிக்கிறேன். ஆனால் அந்த விதி உண்மையானதாக இருந்தால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். அதே வெள்ளப்பகுதியில் நிற்கிற பெரிய கட்டிடத்துக்கும் அது பொருந்த வேண்டும். நகர்த்துகிற குடும்பத்தை அதே வட்டாரத்தில் மேடான இடத்தில் வைக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் அது உயிரைக் காக்கிற விதி இல்லை, ஆளை விரட்டுகிற விதி. பிரித்துப் பார்க்கிற முறை இதுதான்: ஒரே விதி எல்லோர்மீதும் விழுகிறதா என்று பாருங்கள்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் நீங்கள் செய்யக்கூடிய வேலை.

ஒன்று. உங்கள் ஊரில் படகு விடுகிற, வேலி போட்ட எந்த நீர்நிலையானாலும் போய்ப் பலகையை வரி வரியாக எழுதி வாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் எந்தச் சட்டம், எந்தத் தீர்மானம், என்ன தேதி என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் ஆகும். ஆதாரம் இல்லாத வரி நிறைய அகப்படும்.

இரண்டு. ஏலம் யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு, கட்டணத்தை யார் நிர்ணயித்தது, வசூல் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று கேளுங்கள். கணக்குக் கேட்டால் சிரிக்கிறவன், கணக்கு நகல் கேட்டால் சிரிக்க மாட்டான். இது என் தொழில் அனுபவம்.

மூன்று. கோரிக்கையைத் தெளிவாக வையுங்கள். கரையில் நடக்கவும் உட்காரவும் காசு கூடாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படகு இலவசம். படகோட்டி, காவலர், தோட்ட வேலை எல்லாவற்றிலும் அந்தக் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு முதல் உரிமை. 1917ன் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2021ல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். அதன்கீழ் மாநிலமும் உள்ளாட்சியும் விதி எழுதுகிறபோதே இதெல்லாம் உள்ளே போக வேண்டும். எழுதி முடித்தபிறகு கத்திப் பயனில்லை.

நான்கு. கழிவுநீரில் இறங்குகிற தொழிலாளியின் பாதுகாப்பை அதே மனுவில் சேருங்கள். உல்லாசத்துக்குப் படகில் ஏறுகிறவனுக்கு ஒரு விதி, வயிற்றுக்காகத் தண்ணீரில் இறங்குகிறவனுக்கு விதியே இல்லை என்பதை ஏற்க முடியாது.

கூட்டம் முடிந்ததும் கதவோரம் ஒரு நோட்டு வைக்கிறேன். யார் எந்த ஏரிக்குப் போகிறீர்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் சனிக்கிழமை வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

ஜெய்பீம்.