நடக்குமா, நடக்காதா? ஆங்கிலத்தின் 'இஃப்'



பள்ளியில் 'இஃப்' வாக்கியங்களைப் படித்தவர்களுக்கு டைப் ஒன், டைப் டூ, டைப் த்ரீ என்ற வாய்பாடு நினைவிருக்கும். கோடிட்ட இடத்தை நிரப்ப அது போதும். நேர்முகத் தேர்வில் எதிரே ஒருவர் காத்திருக்கும்போது, எந்த வாக்கியம் எந்த எண் என்று தேட நேரம் இருக்காது. எண்களைக் கடைசியில் சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பேசுகிறவர் அது நடக்கக்கூடும் என்று நினைக்கிறாரா, இல்லையா?

நடக்கக்கூடும் என்றால் வேலை சுலபம். 'இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ, வீ வில் ஸ்டே அட் ஹோம்.' நாளைய மழைதானே என்று முதல் பாதியிலும் 'வில்' போடத் தோன்றும். வேண்டாம்; 'வில்' பின்பாதிக்கு உரியது.

இப்போது இதைக் கேளுங்கள். 'இஃப் ஐ ஹேட் எ கார், ஐ வுட் டிரைவ் டு ஒர்க்.' என்னிடம் கார் இல்லை. பேச்சு இன்றையதைப் பற்றி. வந்திருப்பதோ 'ஹேட்' என்ற இறந்தகாலம். பலர் குழம்புவது இங்கேதான். அந்த 'ஹேட்' நேற்றுக்குப் போகவில்லை. உண்மையிலிருந்து ஓரடி விலகி நிற்கிறது, அவ்வளவுதான்.

இது நமக்கு அந்நியமான வழக்கமும் அல்ல. 'நாளைக்கு அவன் வந்தால்' என்கிறோம். வந்தான், வந்தால், போனான், போனால், கேட்டான், கேட்டால். இறந்தகால அடியின் மேல்தான் நம்முடைய 'ஆல்' உட்காருகிறது. நாளையைப் பற்றிப் பேச நேற்றின் வடிவத்தை நாமும் தினமும் எடுக்கிறோம், துளியும் தயங்காமல்.

வேறுபாடு ஒன்று உண்டு. 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்று ஒருவர் சொன்னால், பணம் வரப்போகிறதா, வர வழியே இல்லையா என்பதை அவர் குரலிலிருந்து புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் வாய் திறக்கும் முன்பே முடிவெடுக்கச் சொல்கிறது. வரக்கூடும் என்றால் 'இஃப் ஐ ஹேவ்', பிறகு 'வில்'. வழியில்லை என்றால் 'இஃப் ஐ ஹேட்', பிறகு 'வுட்'. தமிழ் பேசுகிறவர்கள் பயிற்சி எடுக்க வேண்டியது இந்த ஒரு முடிவில்தான்.

முடிந்துபோனதைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 'படித்திருந்தால் தேறியிருப்பாள்.' 'இஃப் ஷீ ஹேட் ஸ்டடீட், ஷீ வுட் ஹேவ் பாஸ்ட்.' இரண்டும் ஏறக்குறைய உறுப்புக்கு உறுப்பு பொருந்துகின்றன. ஆனால் 'அன்றே டாக்டரிடம் போயிருந்தால் இன்று நன்றாக இருப்பாள்' என்றால் பின்பாதி இன்றையது. அங்கே 'வுட் பி' போதும். வாய்பாட்டை மட்டும் நம்பியவர்கள் 'வுட் ஹேவ் பீன்' என்று எழுதிவிடுகிறார்கள்.

வானொலியில் பேசுவதால் காதுக்கும் ஒரு குறிப்பு. வேகமான பேச்சில் 'ஐ ஹேட்', 'ஐ வுட்' இரண்டுமே 'ஐட்' என்றுதான் விழும். அடுத்த சொல்லைக் கவனியுங்கள். 'ஐட் கோ' என்றால் 'வுட்'. 'ஐட் கான்' என்றால் 'ஹேட்'.

யாருக்காவது யோசனை சொல்லும்போது 'இஃப் ஐ வேர் யூ' என்று தொடங்குவார்கள். நான் நீங்களாக முடியாதே, அதனால்தான் அந்த 'வேர்'. பேச்சில் 'வாஸ்' என்பவர்களும் உண்டு. எழுதும்போது 'வேர்' என்றே எழுதுங்கள்.

இதே விலகல்தான் மரியாதையாகவும் மாறுகிறது. 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் செண்ட் மீ தி ஃபார்ம்.' படிவத்தை இனிமேல்தான் அனுப்ப வேண்டும். ஆனாலும் 'கேன்' வரவில்லை, 'குட்' வந்திருக்கிறது. கேட்பவர் சற்றுத் தள்ளி நின்று, மறுக்கவும் மற்றவருக்கு இடம் விடுகிறார். 'அனுப்பினால் உதவியாக இருக்கும்' என்று நாம் எழுதுவதும் அதே பணிவுதான். அடுத்த முறை அலுவலகக் கடிதம் எழுதும்போது, 'வில்', 'கேன்' போட்டு ஒரு முறையும் 'வுட்', 'குட்' போட்டு ஒரு முறையும் உரக்கப் படித்துப் பாருங்கள்.