பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகுமுன்

(கோவில்பட்டியில் நடந்த நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த வருஷம் நம் குடியிருப்புப் பிள்ளைகளை எங்கே சுற்றுலா அழைத்துப் போவது என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. குற்றாலம் என்றார்கள், கன்னியாகுமரி என்றார்கள், தண்ணீர் விளையாட்டுப் பூங்கா என்றார்கள். எனக்கு எதிலும் மறுப்பில்லை. கலைப் பொருள்கள் உள்ள ஓர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்றேன். "அங்கே பிள்ளைகள் என்ன சார் பார்க்கும்? அரை மணி நேரத்தில் போரடித்துவிடும்" என்றார் ஒரு நண்பர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்டு வாங்கினேன்.

ஏன் போரடிக்கிறது? என் பேத்தியை அவள் பள்ளியில் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு பஸ், நூறு பிள்ளைகளுக்கு மேல், முக்கால் மணி நேரம். வரிசையில் போ, தொடாதே, பேசாதே, சீக்கிரம் வா. வீட்டுக்கு வந்தவளிடம் என்னம்மா பார்த்தாய் என்று கேட்டேன். "நிறைய சிலை தாத்தா" என்றாள். அவ்வளவுதான். ஆசிரியைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அத்தனை பிள்ளைகளையும் எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கி, பத்திரமாக வீடு சேர்ப்பதே பெரிய பொறுப்பு. ஆனால் அந்த முறையில் போனால் எந்தப் பிள்ளைக்கும் போரடிக்கத்தான் செய்யும்.

வேறு முறை இருக்கிறது. நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவுக்கு இயக்குநராக இருந்தவர் பிலிப் யெனவைன். அவரும் அபிகெயில் ஹவுசன் என்ற உளவியலாளரும் சேர்ந்து ஒரு பழக்கத்தை உருவாக்கினார்கள். பிள்ளைகளை ஒரே ஒரு படத்தின் முன்னால் உட்காரவைப்பார்கள். விளக்கம் எதுவும் சொல்வதில்லை. மூன்று கேள்விகள்தான். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இதற்குக் கலை படித்தவர்தான் வேண்டும் என்பதில்லை. பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் ஒரு பெரியவர் இருந்தால் போதும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1851-ல் தொடங்கியது. அங்கே வெண்கலச் சிலைகளுக்கு நடுவே திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு சிலை முன்னால் கால் மணி நேரம் பிள்ளைகள் நிற்கட்டும். ஊன்றிய கால் எது, தூக்கிய கால் எது? எத்தனை கைகள், எதில் என்ன? சுற்றிலும் திருவாசி இருக்கிறதா? பதிலை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்ததை மறக்கமாட்டார்கள்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் வீடுகளைப் பார்ப்பதோடு, உட்கார்ந்து கையால் ஏதாவது ஒரு கைவேலையும் செய்துபார்க்கலாம். மும்பையில் முன்பு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்று அழைக்கப்பட்ட சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகம், 2015-லிருந்து ஒரு பஸ்ஸையே சிறிய அருங்காட்சியகமாக மாற்றிப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. வர முடியாத பிள்ளையிடம் நாமே போவோம் என்பது அவர்கள் எண்ணம்.

"சென்னையும் மும்பையும் சரி, கரிசல்காட்டில் இருக்கும் நமக்கு என்ன சார்?" என்று கேட்பீர்கள். நமக்கு இரண்டு பெரிய சொத்துகள் இருக்கின்றன.

முதலாவது, சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கும் கழுகுமலை. கோயிலுக்கு நாம் எல்லோரும் போகிறோம். மலைமேல் இருக்கும் வெட்டுவான் கோயிலை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், பாறையைச் சுற்றிக் குடைந்து மேலிருந்து கீழாகச் செதுக்கிய ஒற்றைக்கல் கோயில் அது. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இதே முறையில் ஆனதுதான். ஆனால் நம் கோயில் முடியவில்லை. மேலே விமானம் அவ்வளவு நுணுக்கம், கீழே அடிப்பகுதி முடியாமல் நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. முதலில் எங்கே உளி வைத்திருப்பார்கள்? எங்கே நிறுத்தினார்கள்? மேலிருந்து செதுக்கும்போது ஓர் இடத்தில் கூடுதலாக வெட்டிவிட்டால் என்ன செய்வார்கள்? மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி ஒருவர் அங்கே இருக்கிறார். எங்கே என்று சொல்லாதீர்கள், அவர்களே தேடட்டும்.

அதே மலையில் பாறை நெடுகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவற்றில் குரவர், குரத்தியர் என்று ஆண், பெண் ஆசிரியர்களும் அவர்களிடம் படித்த மாணாக்கர்களும் குறிக்கப்படுகிறார்கள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் பெண்கள் ஆசிரியர்களாக இருந்த இடம் என்று நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது சொத்து உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அல்லது இருந்தது. பூஜை அறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட முருகன், மீனாட்சி கல்யாணம், லட்சுமி படங்கள். அவற்றில் எத்தனையோ, நம் ஊரில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு வரைந்தவை. 1898-ல் பிறந்தவர். சென்னையில் ஓவியம் படித்து, ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனியில் சீன் எழுதியவர். 1940-களில் கம்பெனியோடு கோவில்பட்டிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்ற சீடர்கள் அவரிடம் உருவானார்கள். இங்கே வரைந்த படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகித் தமிழ்நாடு முழுக்க வீடுகளுக்குப் போயின. 1976-ல் காலமானார். கனடா நாட்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற ஆய்வாளர் அவரைப் பற்றி ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1995-ல் வெளியானது. அவ்வளவு தூரத்திலிருந்து தேடி வந்திருக்கிறார்கள். நம் குடியிருப்பில் எட்டுப் பிள்ளைகளிடம் கொண்டையராஜு யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

இதில் அவசரமும் இருக்கிறது. பழைய வீட்டை விட்டு ஃபிளாட்டுக்கு வரும்போது அந்தப் படங்களை என்ன செய்தோம்? சாமி படத்தைக் குப்பையில் போட மனசு வராது. கோயில் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்தோம். வெயிலில் சாயம் போய், மழையில் ஊறி, கரையான் அரித்துப் போகிறது. இன்னும் பத்து வருஷம் போனால் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அதனால் என் யோசனைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, இந்த வருஷச் சுற்றுலாவில் அரை நாள் கழுகுமலைக்கு. வெயில் ஏறுமுன் காலையிலேயே மலை ஏறிவிட வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டு, போகும் முன்னால் நம் சமுதாயக் கூடத்தில் ஒரு மணி நேரம் படங்களைக் காட்டிப் பேசுவோம். எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போகும் பிள்ளை தேடிப் பார்க்கும்.

மூன்று, ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும். ஒரே ஒரு சிற்பத்தைத் தேர்ந்து வரையட்டும். அழகாக வர வேண்டியதில்லை, வரையும்போது கண் நிற்கும். பாறையில் பெயர் கிறுக்கக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிடுவோம்.

நான்கு, அடுத்த முறை பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை ஞாபகம் வைத்து நாள் குறிக்க வேண்டும். கூட்டமாகப் போவதை முன்கூட்டியே எழுதித் தெரிவித்தால் அவர்களுக்கும் வசதி.

ஐந்து, உங்கள் வீட்டில், ஊரில், அண்ணன் தம்பி வீட்டுப் பரணில் இருக்கும் பழைய காலண்டர் படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரவல் தாருங்கள். சமுதாயக் கூடத்துச் சுவரில் மாட்டுவோம். எந்தப் படம் யாருடையது என்று ரசீது எழுதிக் கொடுத்து வாங்கி, சாயங்காலம் திருப்பித் தருவது என் பொறுப்பு. முப்பது வருஷம் வங்கியில் பார்த்த வேலை அதுதான். படத்தின் கீழ் மூலையில் கையெழுத்து இருக்கும். சிலவற்றில் அவர் பெயரோடு சீடர் பெயரும் இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதும், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வதும் பிள்ளைகள் வேலை. நாம் கேட்டுக்கொண்டு நிற்போம்.

செலவு என்று பார்த்தால் வேன் வாடகை, நோட்டு, பென்சில், மோர், சாப்பாடு. பொழுதுபோக்குப் பூங்காவின் நுழைவுச் சீட்டுத் தொகையை விடக் குறைவாகவே வரும்.

அழைத்துப் போக முன்வருகிற பெரியவர்களும், படம் தர விரும்புகிறவர்களும் இந்த மாதக் கடைசிக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதல் படம் என் வீட்டிலிருந்து வரும்.