வெயில் எங்கே நிற்கும்? காம்பஸ் சொல்லும்

(ஜூலை மாத மொட்டை மாடிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போட்டோ எடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். கேமராவை நான் தொடப் போவதில்லை. நம் எல்லோர் போனிலும் ஒரு காம்பஸ் இருக்கிறது. வீடு வாங்கும்போது வாஸ்து பார்க்க ஒரு தடவை திறந்திருப்போம், அதோடு சரி. அதை வைத்து, இன்ன தேதியில் இன்ன மணிக்கு சூரியன் எங்கே நிற்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடலாம்.

சூரியன் கிழக்கே உதிக்கும் என்று படித்தோம். நேர் கிழக்கில், அதாவது காம்பஸில் 90 டிகிரியில், அது உதிப்பது வருடத்தில் இரண்டே சமயம்தான்: மார்ச் 20, செப்டம்பர் 23 வாக்கில். சென்னையில் ஜூன் 21 அன்று 66 டிகிரியில் உதிக்கும். டிசம்பர் 21 அன்று 114 டிகிரியில். உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் போடுவது இந்தப் போக்குவரத்தைத்தான். கையை முழுசாக நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அப்படியானால் ஆறு மாதத்தில் சூரியன் ஐந்து முஷ்டி தூரம் தள்ளிப் போய்விடுகிறது.

இன்னொன்று. நம் ஊரில் காலைச் சூரியன் பக்கவாட்டில் அதிகம் நகராது, நெட்டுக்குத்தாக ஏறும். ஒரு முஷ்டி உயரம் ஏற சுமார் 40 நிமிடம். ஆகஸ்ட் 15 அன்று 76 டிகிரியில் உதிக்கிற சூரியன், 8 மணிக்கு 81-க்குத்தான் வந்திருக்கும். உயரம் மட்டும் மூன்று முஷ்டியை நெருங்கியிருக்கும்.

இந்த 81-ஐ ஏன் சொல்கிறேன் என்றால், நம் கொடிக்கம்பம் கிழக்கு மதிலை ஒட்டி இருக்கிறது. கொடியேற்றிவிட்டுப் பேசுகிறவர் நம்மைப் பார்த்து, மேற்கு முகமாக நிற்கிறார். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால். போன வருடம் பி பிளாக் தாத்தா கொடியேற்றினார். மார்கழியில் அவர் காலமானபோது, மாலை போட நல்ல படம் ஒன்று வேண்டும் என்று வீட்டார் நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். இருபது பேர் எடுத்த படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் கொடி பளிச்சென்று இருக்கிறது, தாத்தாவின் முகம் கறுப்பாக இருக்கிறது. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கினார்கள்.

இந்தத் தடவை பேசுகிறவரை கம்பத்துக்கு மேற்கே நாலடி தள்ளி, வடகிழக்கைப் பார்த்து நிற்க வைப்போம். வெயில் வலது பக்கமாகச் சாய்ந்து முகத்தில் விழும், கண்ணும் கூசாது. படம் எடுக்கிறவர் அவருக்கு வடகிழக்கே நிற்கட்டும். ஈசானிய மூலை என்றால் யாரும் மறுக்கப் போவதில்லை! ஆனால் நிகழ்ச்சியை மதியத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். ஆகஸ்ட் நடுவில் சென்னையில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். எல்லோர் கண்ணும் குழி விழுந்ததுபோல் இருக்கும்.

பொங்கலுக்குக் கணக்கு வேறு. ஜனவரி 15 அன்று உதயம் 112 டிகிரியில், 8 மணிக்கு 118. மொட்டை மாடியில் பானை வைக்கும் இடத்தில் நின்று அந்தத் திசைக்குப் போனைத் திருப்புங்கள். அங்கே பக்கத்துக் கட்டடம் இரண்டு முஷ்டி உயரம் தெரிந்தால், 8 மணி தாண்டித்தான் நம் மேல் வெயில் படும். அதற்கு முன் கிடைப்பது நிழலான, மென்மையான வெளிச்சம். குழுப் படத்தை ஏழரைக்கே எடுத்துவிடலாம், பொங்கல் பொங்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

காம்பஸைப் பிடிக்கும்போது லிஃப்ட், கார், இரும்புக் கைப்பிடி இவற்றிலிருந்து சில அடி தள்ளி நில்லுங்கள். காந்தம் வைத்த போன் கவரைக் கழற்றிவிடுங்கள். முள் தடுமாறினால் போனை எட்டு வடிவில் நாலு தடவை சுழற்றினால் சரியாகும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் சென்னையில் இரண்டு டிகிரிக்குள்தான்; நம் வேலைக்கு அதைப் பார்க்க வேண்டாம். கைக்கடிகார முள்ளை வைத்துத் திசை பார்க்கும் வித்தையை மட்டும் நம்பாதீர்கள். அது குளிர் நாடுகளுக்குச் சரி, இங்கே கோடையில் கவிழ்த்துவிடும்.

சுதந்திர தினத்துக்கு முந்தைய ஞாயிறு காலை 8 மணிக்கு கொடிக்கம்பத்தருகே போனோடு வாருங்கள். ஒரு வாரத்தில் சூரியன் இரண்டு டிகிரிதான் மாறியிருக்கும். அங்கேயே சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டுவிடலாம்: பேசுகிறவருக்கு ஒன்று, படம் எடுக்கிறவருக்கு ஒன்று.