பழைய மில்லிங் யந்திரம் வாங்குவதும் சீர்திருத்துவதும்
(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



பைக்காரா மின்சாரம் 1930-களில் கோயமுத்தூர் ஜில்லாவில் பரவத் தொடங்கிய பிறகு, பம்புசெட்டும் கடைசல் யந்திரமும் அப்பக்கத்துக் கிராமங்களின் ஓரம் வரையில் வந்து சேர்ந்தன. இன்றும் அந்தச் சுற்றுவட்டாரத்தில், வீட்டை அடுத்த கொட்டகையில் லேத்து ஒன்றை வைத்துக்கொண்டு, பம்புக்கும் மாவு கிரைண்டருக்கும் வேண்டிய உறுப்புகளைக் கடைந்து கொடுத்து ஜீவிக்கும் குடும்பங்கள் பல உண்டு. லேத்து வைத்திருப்பவருக்கு அடுத்தபடியாக உண்டாகும் ஆசை மில்லிங் யந்திரத்தின் மீதுதான். லேத்தில் வேலைப்பொருள் சுழல்கிறது, உளி நிற்கிறது. ஆகையால் உருண்டை வேலைக்கே அது தகும். மில்லிங் யந்திரத்திலோ பல பற்களுள்ள கட்டர் சுழல, வேலைப்பொருள் மேசைமீது கட்டப்பட்டு மூன்று திசைகளில் நகர்கிறது. தட்டையான முகம், தண்டில் சாவி உட்காரும் காடி, பல்சக்கரத்தின் பல் ஆகிய இவையெல்லாம் இதன் வேலை. பம்புத் தண்டில் காடி வெட்டுவதற்காக ஒவ்வொரு தடவையும் டவுனுக்குப் பஸ் ஏறுகிறவருக்கு இதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

புது யந்திரத்துக்குப் பணம் போதாதவர் பழையதை நாடுகிறார். அதற்குச் சங்கத்தில் கடன் கேட்கிறார், அல்லது வீட்டு நகையை ஈடு வைக்கிறார். யந்திரம் அளவு தவறாமல் வேலை செய்தால் வட்டி அதன் வருமானத்திலேயே அடைபடும். அளவு தவறினால் கொடுத்த வேலை திரும்பி வரும்; கட்டிய வட்டி திரும்பி வராது. 8 மில்லிமீட்டர் அகலமுள்ள காடிக்கு வழக்கமான பொருத்தத்தில் அனுமதிக்கப்படும் வித்தியாசம் 0.036 மில்லிமீட்டர் மாத்திரமே. மேசை ஆடும் யந்திரத்தில் வெட்டிய காடி இதைத் தாண்டி அகன்றுவிடும். அதில் அடித்த சாவி நாளடைவில் தளர்ந்து தண்டையே தின்றுவிடும். தண்டுக்குச் சொந்தக்காரர் மறுபடி அந்தக் கொட்டகைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்.

ஆகவே, பழைய யந்திரத்தில் எந்தத் தேய்மானத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று பிரித்தறிவதே வாங்குவோர் கற்க வேண்டிய முதல் பாடம். மோட்டார் எரிந்திருந்தால் சுற்றிக்கொள்ளலாம். பேரிங் இரைந்தால் மாற்றலாம். பெல்ட்டு, கைப்பிடி, நட்டு, விளக்கு ஆகியவை கடையில் கிடைக்கும். மேசையும் அதைத் தாங்கும் பாகங்களும் வழுக்கி நகரும் வார்ப்பிரும்புத் தடங்களின் சங்கதி வேறு. அவை குழிந்து தேய்ந்துவிட்டால் பெரிய கிரைண்டிங் யந்திரத்தில் ஏற்றித் தேய்த்து, நீலச் சாயம் தடவி ஒட்டுப் பார்த்து, கைச்சுரண்டியால் சிறுகச் சிறுகச் சுரண்டிச் சமன் செய்தாக வேண்டும். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். கூலியோ பல சமயம் யந்திரத்தின் கிரயத்தையே விழுங்கிவிடும்.

இனி, சந்தையில் அகப்படும் ஜாதிகள். ஜோசப் பிரௌன் என்னும் அமெரிக்கர் 1862-ல் செய்த 'யுனிவர்சல்' மில்லிங் யந்திரத்தின் வழிவந்தவை ஒரு வகை. இந்தியாவில் ஹெச்.எம்.டி. கம்பெனி (1953-ல் பெங்களூரில் நிறுவப்பட்டது) செய்து விற்ற கனத்த மில்லிங் யந்திரங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. உறுதியில் சிறந்தவையாயினும் வீட்டுக் கொட்டகைக்குப் பெரும்பாலும் பாரம் மிகுந்தவை. மற்றொரு வகை, அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் ருடால்ப் பான்னோ, மாக்னஸ் வால்ஸ்ட்ராம் என்ற இருவர் 1938-ல் வெளியிட்ட யந்திரமும், அதைப் பார்த்துப் பல தேசங்களில் செய்யப்பட்டவையும் ஆகும். இதில் தலை மேலே நிமிர்ந்து நிற்கும்; அதை வேண்டிய கோணத்துக்குச் சாய்க்கலாம். எடை ஏறக்குறைய 900 கிலோ. 1 அல்லது 2 குதிரைசக்தி மோட்டார் போதும். சிறு பட்டறைக்கு இதுவே இசைந்தது. இனிச் சொல்லப்படுபவை பெரும்பாலும் இதனைக் குறித்தே.

விற்பவர் கொட்டகையில் நுழைந்தவுடன் பளபளக்கும் பச்சை வர்ணம் கண்ணில் படும். வர்ணத்தின் விலை யாவருக்கும் தெரியும். அதற்குக் கீழே இருப்பதன் விலைதான் தெரிய வேண்டும். யந்திரம் எங்கே இருந்தது என்று முதலில் விசாரிக்க வேண்டும். தொழிற்பள்ளியில் இருந்தது என்றால் தடங்கள் அதிகம் தேய்ந்திரா. ஆனால் மாணவர்கள் மேசையில் துளை போட்டும் கட்டரை மோதவிட்டும் அடையாளம் வைத்திருப்பார்கள். அந்தத் தழும்புகள் கண்ணை உறுத்துமேயன்றி வேலையைக் கெடுப்பது அருமை. பெருந்தொழிற்சாலையில் பல வருஷம் ஒரே உறுப்பை வெட்டிய யந்திரமோ மேலுக்கு ஒரு கீறலும் இல்லாமல், மேசையின் நடுவில் மட்டும் தேய்ந்து கிடக்கும். இவ்விரண்டில் பின்னதே அபாயமானது. அழகாய் இருப்பதும் அதுவே.

தேய்மானத்தைக் காணும் வழிகள் சிலவே. அவற்றை நிதானமாகச் செய்ய வேண்டும். துணி, மண்ணெண்ணெய், டார்ச் விளக்கு, காந்த அடியுள்ள டயல் இண்டிகேட்டர் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோவது நலம். முதலில் தடங்களைத் துடைத்துப் பார்க்க வேண்டும். செய்யும்போதே எண்ணெய் தங்குவதற்காகச் சுரண்டிவிட்ட பிறைபோன்ற குறிகள் அவற்றில் இருக்கும். நடுவிலும் கோடியிலும் ஒன்றுபோல அவை தெரிந்தால் நல்ல சகுனம். கோடிகளில் தெரிந்து நடுவில் மறைந்திருந்தால் தேய்மானம் உண்டு. பிறைக் குறிகளைப் புதிதாகப் போட்டு ஏமாற்றுவதும் உண்டாகையால் கண்சாட்சியோடு நின்றுவிடலாகாது.

பிறகு மேசையை நடுவில் நிறுத்தி, ஜிப் என்னும் ஆப்புச்சட்டத்தின் திருகை, மேசை ஆடாமலும் இறுகாமலும் நகரும் அளவுக்கு முடுக்க வேண்டும். அப்படியே மேசையை ஒரு கோடிக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். நடு தேய்ந்திருந்தால், அதற்கென்று முடுக்கிய சட்டம் தேயாத கோடியில் போய்ப் பிடித்துக்கொள்ளும், கைப்பிடி கனக்கும். கோடி முதல் கோடி வரை ஒரே லேசாக ஓடினால் தடங்கள் சரி. மேசையைச் சுமந்து தூணில் ஏறியிறங்கும் முழங்கால் பகுதிக்கும் இதே பரீட்சை பொருந்தும். வேலை பெரும்பாலும் உயரத்தில் நடப்பதால் தூணின் மேற்பாகமே முன்னதாகத் தேயும். விற்பவர் "ஜிப்பைத் தொடாதீர்கள்" என்று தடுப்பாராகில், விடை அதிலேயே கிடைத்துவிட்டது.

மூன்றாவது பரீட்சை மிக எளியது. மேசையை ஒரு பக்கமாக ஓட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் இண்டிகேட்டரை வைத்து, அந்த நுனியைக் கையால் மேலே தூக்கிப் பார்ப்பது. ஜிப்பை ஒழுங்குசெய்த பின்னும் முள் 0.05 மில்லிமீட்டருக்குள் நின்றால் வீட்டுப் பட்டறைக்குப் போதும். 0.2, 0.3 என்று துள்ளினால், எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுவதே உசிதம்.

கைப்பிடியைத் திருப்பியும் மேசை நகராத வெற்றுச் சுற்றைப் பேக்லாஷ் என்கிறார்கள். இதைக் கண்டு பயப்படுகிறவர்கள் வேண்டாத இடத்தில் பயப்படுகிறார்கள். பிரிட்ஜ்போர்ட் இனத்தில் மேசைத் திருகின் வெண்கல நட்டை நெருக்கிச் சரிசெய்ய ஏற்பாடு இருக்கிறது. நட்டு தேய்ந்தால் புதிது போடலாம். பார்க்க வேண்டியது, நடுவில் உள்ள பேக்லாஷுக்கும் கோடியில் உள்ளதற்கும் இடையிலுள்ள வித்தியாசம். வித்தியாசம் பெரிதானால் திருகே நடுவில் தேய்ந்திருக்கிறது. அப்பொழுது நட்டை நெருக்கினாலும் கோடியில் சிக்கிக்கொள்ளும். திருகையும் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.

ஸ்பிண்டிலின் உட்கூம்பில் விரலை விட்டுத் தடவினால் கீறல் தெரிந்துவிடும். இண்டிகேட்டரை அதனுள் தொடவைத்துக் கையால் சுழற்றும்போது முள் 0.01 மில்லிமீட்டர் அளவில் நிற்பது உத்தமம். பிறகு எல்லா வேகங்களிலும் ஓட்டிக் கேட்க வேண்டும். பெல்ட்டின் தடதடப்பு ஒரு பொருட்டன்று. தொடர்ந்து ஊளையிடும் பேரிங் செலவு வைக்கும்.

இனி, ஏற்றியிறக்குவது. இந்த யந்திரத்துக்குத் தலைக்கனம் அதிகம். சற்றுச் சாய்ந்தாலும் கவிழ்ந்துவிடும். முழங்காலைத் தாழ இறக்கி, மேல் கையை உள்ளே தள்ளி, தலையைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துப் பூட்டிய பிறகே செயின் பிளாக்கில் தூக்க வேண்டும். டிராக்டர் டிரெயிலரில் நிறுத்தி நான்கு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். தரையில் இரும்புக் குழாய்களின் மேல் உருட்டும்போது ஒருவரே ஆணையிட, மற்றவர் கேட்க வேண்டும். சரியும் யந்திரத்தைக் கையால் தாங்க முயலவே கூடாது. விழுந்த யந்திரத்தை மறுபடி நிமிர்த்திக்கொள்ளலாம். வாயிற்படியின் அகலத்தை வாங்குமுன் அளந்து வைக்காதவர்கள் சுவரை இடித்த கதைகள் ஊருக்கு ஒன்று கிடைக்கும்.

மின்சாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைப் பேஸ் வருகிறது. யந்திரத்தின் மோட்டாரோ மூன்று பேஸ். ஒற்றைப் பேஸை வாங்கி மூன்று பேஸாக்கித் தரும் வி.எஃப்.டி. என்னும் மின்னணுச் சாதனம் இன்று எளிதாய்க் கிடைக்கிறது. ஆயினும் அது தரும் அழுத்தம் ஏறக்குறைய 230 வோல்ட்டே. 415 வோல்ட்டுக்கு ஸ்டார் முறையில் கட்டிய சிறு மோட்டாரை டெல்டாவாக மாற்றிக் கட்டினால்தான் அதில் முழுச் சக்தியோடு ஓடும். பெட்டியில் ஆறு முனைகள் வந்திருந்தால் அது சுலபம். மூன்றே வந்திருந்தால் மோட்டார் சுற்றுகிறவர் உள்ளேயிருந்து மற்ற மூன்றையும் எடுத்துத் தர வேண்டும். அந்தச் சாதனத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய சுவிட்சை விட்டுவைத்து ஓட்டத்தில் அதைத் திருப்பினால் சாதனம் பாழாகும். நில இணைப்பு இல்லாமல் ஒரு நிமிஷமும் ஓட்டலாகாது. கூலிக்கு வேலை செய்ய உத்தேசிப்பவர், வீட்டு உபயோக இணைப்பில் ஓட்டாமல், தொழிலுக்குரிய இணைப்பை மின்வாரியத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

சீர்திருத்தம் என்றவுடன் எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பிவிடுவது இளைஞர் சுபாவம். நன்றாய் ஓடும் ஸ்பிண்டிலைத் திறக்கவே வேண்டாம். அதன் பேரிங்குகள் ஜோடி பொருத்தி அழுத்தம் வைத்துப் பூட்டப்பட்டவை. தூசியுள்ள கொட்டகையில் திறந்தால் முன்னிருந்த நிலைமை திரும்பாது. மேசையையும் அதன் கீழுள்ள சாடிலையும் மட்டும் கழற்றுவது அவசியம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் பிடித்து, திருகுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும்.

அந்த இரண்டையும் கழற்றச் சொல்வதற்குக் காரணம் எண்ணெய் வழி. பழைய யந்திரங்கள் தேய்ந்ததற்கு வேலையைவிட எண்ணெய்ப் பஞ்சமே பெரிய காரணம். பம்பை அழுத்தினால் எண்ணெய் போவதுபோல் இருக்கும். உள்ளே சன்னக் குழாய்களின் முனையிலுள்ள அளவுத் துளைகள் அழுக்கால் அடைபட்டிருக்கும். ஒரு தடத்துக்கு எண்ணெய் வழிந்தோட, மற்றொன்று வறண்டு கிடக்கும். குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, அடைப்பு நீங்காத முனையை மாற்றி, பம்பை அழுத்திப் பார்க்க வேண்டும். எல்லா முனைகளிலும் சொட்டு விழுந்த பிறகே மேசையை ஏற்ற வேண்டும். தடங்களுக்கென்று விற்கும் 68 நம்பர் எண்ணெயே உரியது. மோட்டார் வண்டி எண்ணெய் வேண்டாம்.

துருவை எண்ணெயும் மெல்லிய உரசு பஞ்சும் கொண்டு தேய்த்து எடுக்கலாம். உப்புத்தாளைத் தடங்களின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அதன் மணல் எண்ணெயோடு கலந்து தங்கிவிடும். காற்றழுத்தத்தால் துருவலை ஊதுவதும் அவ்விதமே. ஊதிய துருவல் தடத்தின் இடுக்கில் புகுந்து அரைக்கும். பிரஷ் போதும். வர்ணம் கடைசி வேலை, அடிக்காவிட்டாலும் குற்றமில்லை.

பூட்டி முடிந்தபின், ஸ்பிண்டிலில் இண்டிகேட்டரைக் கட்டி மேசைமேல் வட்டமாகச் சுற்றிப் பார்த்து, நான்கு திசையிலும் முள் ஒன்றுபோல நிற்கும்வரை தலையைத் திருத்த வேண்டும். அதன்பின் ஒரு வார்ப்பிரும்புக் கட்டியின் முகத்தை வெட்டி, நான்கு மூலையிலும் கனத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கே அந்த யந்திரத்தின் ஜாதகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே பரீட்சையைச் செய்தால் தேய்மானம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஓட்டுகிறவர் துண்டு, தொங்கும் வேட்டி, வளையல், கையுறை ஆகியவற்றோடு கட்டரின் அருகே நிற்கக் கூடாது. கையுறை காக்கும் என்று நினைப்பது தவறு. சுழலும் கட்டர் அதைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தலைக்கு மேலுள்ள திருகை முடுக்கிய ஸ்பேனரை அங்கேயே மறந்து சுவிட்சைப் போட்டால் அது குண்டுபோலப் பறக்கும்.

கடன் மனு எழுதும்போது யந்திரத்தின் விலையை மட்டும் எழுதுவது வழக்கமாய் இருக்கிறது. நல்ல வைஸ், கோலெட்டுகள், கட்டர்கள், வி.எஃப்.டி., வண்டிக் கூலி, எண்ணெய் ஆகிய இவற்றையும் கூட்டினால் தொகை கணிசமாக உயரும். மனுவை ஆராயும் பஞ்சாயத்தார் இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். இண்டிகேட்டரும் செயின் பிளாக்கும் வருஷத்தில் சில நாட்களே தேவைப்படுவதால், சங்கமே ஒரு ஜோடி வாங்கி வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி மூன்று நாள் தவணைக்கு அங்கத்தினருக்கு வழங்கலாம். செயின் பிளாக்கின் கொக்கியும் சங்கிலியும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது, காரியதரிசி தாமே பார்த்து வாங்கி வைப்பது முறை.